கையில் என்ன கிட்டும்?

1

ஒரே ஆலையில் பத்து வருடம் குப்பை கொட்டியதற்காக ஆறு மாதத்துக்கு முன் எனக்குப் பரிசு கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் கூட்டி நிறுத்திக் கேக் வெட்டினார்கள். மேனேஜர் என் தோளில் தட்டி, "மேரி இல்லாமல் இந்த ஆலை ஓடாது" என்றார். என் பெயர் மரிய புஷ்பம். புஷ்பம் அவர் வாய்க்குள் நுழையாததால் நான் இங்கே வெறும் மேரி. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் கடற்கரையோரம் இருக்கும் எங்கள் ஊர் கடியப்பட்டணத்தில் மேரி என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். இங்கே நான் ஒருத்திதான் திரும்புகிறேன்.

பரிசு என்பது ஊரிலுள்ள பெரிய கடையின் அட்டை. நூறு டாலருக்கு எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். வெள்ளிக்கிழமை சம்பளச் சீட்டைப் பார்த்தால் தொகை வழக்கத்தைவிடக் குறைவு. ஆபீசில் இருக்கும் பெண்ணிடம் போய்க் கேட்டேன். அந்த அட்டையும் வருமானமாம். அதற்கும் வரி உண்டாம், ஓய்வூதியப் பிடித்தமும் உண்டாம். அட்டையை என் கையில் கொடுத்துவிட்டதால், பிடிக்கவேண்டியதைச் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். விளக்கிச் சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு எனக்கு வாழ்த்தும் சொன்னாள்.

பத்து வருடம் மீன் குடலை அள்ளியும் வராத அருவருப்பு அந்த வாழ்த்தில் வந்தது.

நான் இருப்பது கனடாவின் கிழக்குக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். மீனும் நண்டும் வந்து இறங்கும் துறைமுகம், அதையொட்டி எங்கள் ஆலை. மீனைச் சுத்தம் செய்து, பெட்டியில் அடைத்து, உறையவைத்து அனுப்புவோம். மணிக்கணக்கில் கூலி. இப்போது ஒரு வரிசைக்கு நான்தான் மேற்பார்வை. ஊர்க்காரர்கள் யாராவது புதிதாக வந்தால் குளிரைப் பற்றிக் கேட்கமாட்டார்கள், சாப்பாட்டைப் பற்றியும் கேட்கமாட்டார்கள். என்னைத் தனியே இழுத்து முதலில் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, கையில என்ன கிட்டும்?"

இந்த ஒரு கேள்விக்கு இந்த நாட்டில் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. வந்த புதிதில், அடுத்த நகரத்தில் வரிக்கணக்கு எழுதித்தரும் தமிழர் ஒருவரிடம் போனேன். எங்கள் கடலோரத் தமிழில் நான் நாலு வார்த்தை பேசியதும், "நீங்க கேரளாவா?" என்றார். தமிழச்சிதான் என்று நான் சத்தியம் செய்யாத குறை. கடைசியில் அவரும் கையில் எவ்வளவு வரும் என்று சொல்லவில்லை. "அது பல விஷயங்களைப் பொறுத்தது" என்று சொல்லி, அதற்கு ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டார்.

2

கேக் சாப்பிட்ட அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை தம்பி ஜெரால்டு கூப்பிட்டான். இங்கே காலை, அங்கே சாயங்காலம். வீடியோவில் அவனுக்குப் பின்னால் கடற்கரையில் ஏற்றி வைத்த வள்ளம் தெரிந்தது. அப்பா இறந்த பிறகு அவனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் அதில்தான் கடலுக்குப் போகிறார்கள். வள்ளமும் எஞ்சினும் இவனுடையது. அவனுக்கு என்று இந்த உலகத்தில் இருக்கும் சொத்து அந்த இரண்டும்தான்.

"அக்கா, வள்ளத்தக் குடுக்கப் போறேன்" என்றான்.

"குடுத்துட்டு?"

"அங்கோட்டு வாறேன். நாகர்கோவில்ல ஒரு ஏஜன்ட். உனக்க கம்பெனிதான். மணிக்குப் பதினெட்டு டாலராம். முன்பணம் கெட்டியாச்சு. வள்ளத்துக்கும் ஆளு வந்து பாத்துட்டுப் போச்சு."

"யாருட்ட கேட்டு கெட்டின?"

"அந்தாளே உன்னத்தான் சொன்னாரு அக்கா. 'கடியப்பட்டணத்துக்காரி ஒருத்தி அங்க சூப்பர்வைசரா இருக்கு, வீடு வாங்கிட்டு, காரு வாங்கிட்டு'ன்னு. அது எனக்க அக்கால்லான்னு சொன்னேன். அப்ப உனக்கு யோசிக்க என்ன இருக்குன்னு கேட்டாரு."

அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒருவன் என் பெயரைப் பிடித்து, என் தம்பியிடமே என்னை விற்றிருக்கிறான். என்ன சொல்ல? காறித் துப்பக்கூட இடமில்லை, அடுக்களையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன்.

ஏஜன்ட் போட்டுக் கொடுத்த கணக்கை ஜெரால்டு ஒப்பித்தான். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். மாதம் முப்பது நாள். டாலருக்கு அறுபது ரூபாய். பெருக்கினால் மாதம் மூன்றேகால் லட்சம். நாலு மாதத்தில் ஏஜன்டுக்காக வாங்கும் கடன் தீரும், அப்புறம் எல்லாம் லாபம். சொல்லும்போது அவன் குரலில் ஒரு துள்ளல்.

3

என் எரிச்சல் ஏஜன்ட் மேல் மட்டும் இல்லை. இந்தக் கணக்கை நம்புகிறவன் யார் என்று பாருங்கள். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன். ஏலத்தில் விழுந்த தொகையைத் தன் பணம் என்று வாழ்க்கையில் ஒரு நாளாவது நினைத்திருப்பானா?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் வள்ளம் கரையேறியதும் மீன் மணலிலேயே ஏலம் போகும். ஆயிரம் என்று விழுந்தால் ஆயிரமும் தொழிலாளிக்கு இல்லை. ஏலம் கூறியவருக்கு ஒரு பங்கு, சர்ச்சுக்குக் கொடுக்கும் கோயில் குத்தகைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஊற்றிய மண்ணெண்ணெய், வள்ளத்துக்கும் வலைக்கும் உள்ள பங்கு. இதெல்லாம் போய் மிச்சம் இருப்பதைத்தான் கடலுக்குப் போனவர்கள் பிரித்துக்கொள்வார்கள். அங்கே பிடுங்குகிறவர்கள் குறைவு என்று நான் சொல்லவரவில்லை. ஏலக்காரனின் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் எல்லாம் பகலில், மணலில், எல்லார் கண்ணுக்கும் முன்னால் நடக்கும். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட ஏலத் தொகை வேறு, வீட்டுக்கு வருவது வேறு என்று தெரியும்.

அதே ஆட்கள் விமானம் ஏறப்போகிறோம் என்றதும் அறிவைக் கடலில் போட்டுவிடுகிறார்கள். மணிக்குப் பதினெட்டு என்பது ஏலத் தொகை. அதை அறுபதால் பெருக்கி, வீடு கட்டி, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து, மிச்சத்துக்கு நிலமும் வாங்கிவிடுகிறார்கள்.

"ஏலே, நான் சொல்லுதத கடப்புறக் கணக்கா கேளு" என்றேன் ஜெரால்டிடம். நூறு டாலருக்கு ஏலம் போனதாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். வருமான வரி, ஓய்வூதிய நிதி, வேலையிழப்புக் காப்பீடு என்று அரசாங்கம் மூன்று கை நீட்டும். அதில் பதினெட்டு போகும். புதிதாக வருகிறவர்களுக்குக் கம்பெனியே ஒரு வீடு பிடித்து வைத்திருக்கிறது. ஓர் அறைக்கு நாலு கட்டில், அடுக்குக் கட்டில். அந்தக் கட்டிலுக்கு வாடகை. வீட்டிலிருந்து ஆலைக்குக் கூட்டிப்போகும் வேனுக்குத் தனியாக. நல்ல வாரத்தில் இரண்டும் சேர்ந்து இன்னொரு இருபது. ஆக, நாற்பது மணி நேரம் வேலை கிடைக்கும் வாரத்தில் நூறுக்கு அறுபது கையில் நிற்கும். சாப்பாடு அதற்குள்ளே.

"செரி. எங்கயும் உள்ளதுதான" என்றான்.

"கேளு மக்கா. நாப்பது மணி நேரம் எல்லா வாரமும் கிட்டாது. நண்டு வரல்லேன்னா பதினஞ்சு மணி நேரம் குடுப்பான். அப்பவும் கட்டிலு வாடகை முழுசா பிடிப்பான், வேனு காசு முழுசா பிடிப்பான். அந்த வாரம் நூறுக்கு முப்பத்தஞ்சு நின்னா பெருசு."

"வேல இல்லாத வாரத்துக்குமா?"

"வேல இல்லாத வாரத்துக்கும்."

அவன் கொஞ்சம் யோசித்தான். நம்மூரில் மீன் படாத நாளில் ஏலக்காரனும் வெறுங்கையோடுதான் போவான், குத்தகையும் இல்லை. எல்லார் வீட்டிலும் அன்றைக்குப் பட்டினிதான். மீன் இல்லாதபோதும் ஒருவன் கழிப்பான் என்பது அவன் தலைக்குள் போகவில்லை.

"ஏஜன்ட் சொல்லுதாரு, வரி பிடிச்சத வருசக் கடைசியில திருப்பித் தருவாங்களாம்ல?"

"வரியில கொஞ்சம் வரும். அதுக்கு ஃபாரம் நிரப்பணும், போன் போட்டா முக்கா மணி நேரம் பாட்டு கேக்கணும். கட்டிலுக்குப் பிடிச்சத எவன் திருப்பித் தருவான்?"

4

இவ்வளவு சொன்னால் போதும் என்று நினைத்தேன். அவன் முகம் இறுகிவிட்டது.

"உனக்கு அங்க வீடு கெடக்கு, காரு கெடக்கு. தம்பி வாறேன்னா மட்டும் கணக்கு பறயுத. எல்லாரும் சொன்னத நான்தான் நம்பல்ல, அக்கா."

"எல்லாரும் என்ன சொன்னாவ?"

"நாம அங்க வந்து நிமுந்துருவோம்னு உனக்குப் பொறுக்காதுன்னு."

இதைக் கேட்கத்தான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பணம் அனுப்பினேன். வீடு பாங்குக்காரனுடையது, கார் இன்னொரு பாங்குக்காரனுடையது, என் புருஷன் வின்சென்ட் லாரி ஓட்டி மாதத்தில் பாதி நாள் ரோட்டில் தூங்குகிறார் என்றெல்லாம் சொல்ல வாய் வந்தது. சொல்லி என்ன ஆகும்? அதையும் பொறாமை என்பான். என் கூடப்பிறந்தவன் வள்ளத்தை விற்றுவிட்டு, என்னையும் வெறுத்துக்கொண்டு, என் ஆலை வாசலில் வந்து நிற்கப்போகிறான்.

அவனாகவே பேச்சை மாற்றினான். சமாதானத்துக்காகத்தான் கேட்டிருப்பான்.

"செரி, விடு. மீன் கம்பெனிதான? கறிமீனாவது ஒழுங்கா தருவானா?"

கறிமீன் என்றால் எங்கள் கரையில் ஒரு பழக்கம். ஏலத்துக்கு முன்னாலேயே வள்ளத்தில் போன ஒவ்வொருவருக்கும் வீட்டுக் குழம்புக்கென்று கொஞ்சம் மீன் எடுத்து வைப்பார்கள். யாருடைய கணக்கிலும் அது வராது, அதிலிருந்து யாரும் கழிக்கவும் மாட்டார்கள். மீன் தொட்டவன் வீட்டில் அன்றைக்கு மீன் இருக்கவேண்டும், அவ்வளவுதான். கேட்டு வாங்குவதும் இல்லை, நன்றி சொல்வதும் இல்லை.

ஊரில் யாரிடமும் சொல்லாத ஒன்றை அப்போது அவனிடம் சொன்னேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பெல்ட்டில் அயிலை மீன் வந்துகொண்டிருந்தது. வால் கிழிந்தது, வயிறு பிய்ந்தது எல்லாம் தனித் தொட்டியில் விழும், கோழித் தீவனத்துக்கு அரைக்கப் போகும். வேலை முடிந்ததும் அந்தத் தொட்டியிலிருந்து இரண்டு அயிலை எடுத்தேன். ஒளிக்கவில்லை. பிளாஸ்டிக் கவரில் போட்டு, கையில் தொங்கவிட்டு, வாசல் காவலாளிக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு நடந்தேன். கறிமீன்தானே.

ஆபீசுக்குக் கூட்டிப்போனார்கள். ஏன் திருடினாய் என்று கேட்டார்கள். என்னிடம் இருந்த அரைகுறை ஆங்கிலத்தில், மீன் வேலை செய்தால் குழம்புக்கு மீன், எங்கள் ஊரில் எல்லாரும் எடுப்பார்கள் என்று சொன்னேன். உங்கள் ஊரில் எல்லாருமா திருடுவார்கள் என்று ஒருவன் கேட்டுச் சிரித்தான். எச்சரிக்கைத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அந்த வாரச் சம்பளத்தில் இரண்டு மீனுக்கு விலை பிடித்தார்கள், கடையில் விற்கும் விலை.

ஜெரால்டு போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

"கழிச்சுப் போட்ட மீனா?"

"கழிச்சுப் போட்டது."

"அதுக்கும் பைசா பிடிச்சானா?"

"பிடிச்சான்."

"அப்ப மீனையாவது தந்தானா?"

"எனக்க கண்ணுக்கு முன்னால குப்பையில போட்டான்."

வரியைச் சொன்னபோது தலையாட்டினான், கட்டிலைச் சொன்னபோது யோசித்தான். இதைக் கேட்டதும் பின்னால் இருந்த வள்ளத்தைத் திரும்பிப் பார்த்தான். "நீ ஏன் அக்கா அன்னைக்கே கெளம்பி வரல்ல?" என்றான். ஏஜன்ட் கடன் இருந்தது என்றேன். அவனுக்கு அது தெரியும், அந்தக் கடனுக்கு அப்பா சுற்றி அலைந்ததைப் பார்த்தவன்தான்.

"வள்ளம் பாக்க வந்த ஆளுட்ட இல்லைன்னு சொல்லிருதேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

5

நான் பேசியதையெல்லாம் என் மகள் ஷைனி மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கேயே வளர்ந்தவள், தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். "அம்மா, நீங்கள் கேட்காமல் எடுத்தீர்கள் அல்லவா? அப்போது அது தப்புதானே?" என்றாள். கோபமாக அல்ல, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னாள். இந்த நாட்டுச் சட்டப்படி அவள் சொன்னது சரி. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. என் வண்டியில் ஏறினாலே மீன் நாற்றம் என்று ஜன்னலை இறக்கிவிடுகிற பெண் அவள். அவள் படிப்பும் சாப்பாடும் அந்த நாற்றத்தில் வந்ததுதான். சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் நிதானமாக ஒரு பதில் வைத்திருப்பாள்.

இரண்டு நாள் கழித்து ஜெரால்டு கூப்பிட்டான். முன்பணத்தைத் திரும்பக் கேட்கப் போயிருக்கிறான். ஏஜன்ட் காபி வாங்கிக் கொடுத்து, மரியாதையாகப் பேசி, ஃபைல் போட்ட செலவு, மெடிக்கல் செலவு, ஆபீஸ் செலவு என்று ஒவ்வொன்றாகக் கழித்து, பாதிக்கும் குறைவாகக் கையில் கொடுத்தானாம். மெடிக்கலுக்கு இவன் போகவே இல்லை.

"கனடாவ நாகர்கோவில்லயே காட்டித் தந்துட்டான் அக்கா" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பணம் வள்ளத்தின் எஞ்சினைப் பழுது பார்க்க வைத்திருந்த பணம் என்று அவன் மனைவி பின்னால் நின்று சொன்னது எனக்குக் கேட்டது. ஆனாலும் வள்ளம் தப்பியது. மறுநாள் விடியும்முன் அவன் கடலுக்குப் போனான். எதுவும் படவில்லை என்று மெசேஜ் வந்தது.

அவன் வராததில் எனக்கு நிம்மதி. தம்பியைக் காப்பாற்றிவிட்டேன் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

6

அவன் விட்ட அந்த இடம் காலியாகவே கிடக்கும் என்று நான் எப்படி நினைத்தேனோ தெரியவில்லை.

மூன்று வாரம் முன்பு புதிய ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் மாவட்டத்து மலைப் பக்கமுள்ள அருமனைக்காரர், ராஜய்யன். என் வயதுதான் இருக்கும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். கடலைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. நாகர்கோவிலில் அதே ஏஜன்ட். வீட்டோடு சேர்ந்த பத்து சென்ட் நிலத்தை ஈடு வைத்துவிட்டு வந்திருக்கிறார். கடைசி நேரத்தில் ஒருவன் பின்வாங்கியதால்தான் தனக்கு இடம் கிடைத்தது என்று, தன் அதிர்ஷ்டத்தைச் சொல்வதுபோல என்னிடம் சொன்னார். அந்த ஒருவன் யார் என்று நான் சொல்லவில்லை. ஏஜன்ட் அவரிடமும் சொல்லியிருக்கிறான்: "அங்க நம்ம ஊருக்காரி ஒருத்தி இருக்கு, எல்லாம் பாத்துக்கிடும்."

முதல் நாள் விவரம் சொல்லும் கூட்டத்தில் மேனேஜர் பேசப் பேச நான் தமிழில் சொல்லவேண்டும். மணிக்குப் பதினெட்டு என்றார். சொன்னேன். வரவேற்கிறோம், நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். அதையும் சொன்னேன், வாய் கூசியது. ராஜய்யன் கையைத் தூக்கினார்.

"அக்கா, கையில என்ன கிட்டும்? உள்ளத பறயுங்க."

"அவர் என்ன கேட்கிறார்?" என்றார் மேனேஜர். குளிருக்குக் கையுறை உண்டா என்று கேட்கிறார் என்றேன். பிறகு ராஜய்யன் பக்கம் திரும்பி, நூறுக்கு அறுபது, வேலை குறைந்தால் முப்பத்தைந்து, கட்டில் வாடகை எப்போதும் பிடிப்பார்கள் என்று முழுவதையும் சொன்னேன். கையுறை உண்டு என்று மேனேஜர் தலையாட்டினார். ராஜய்யன் தூக்கிய கையை இறக்கிக்கொண்டார். நிலத்தை ஈடு வைத்துவிட்டு வந்தவரிடம் உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? ஏஜன்ட் மேல் வருகிற ஓக்காளம் அன்றைக்கு என் மேலேயே வந்தது.

அடுத்த இரண்டு வாரமும் நண்டு சரியாக வரவில்லை. பதினைந்து மணி நேரம்தான் வேலை. முதல் சம்பளச் சீட்டில் கட்டில், வேன். இரண்டாவது சீட்டில் கட்டில், வேன், அதோடு ரப்பர் பூட்ஸ், ஏப்ரன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ராஜய்யன் பெல்ட்டின் முன்னால் நின்றார். நாள் முழுக்க அவர் கை வழியாக அயிலை போய்க்கொண்டே இருந்தது. மதியத்துக்கு ரொட்டியும் சர்க்கரையும் கொண்டுவந்திருந்தார்.

அன்று வேலை முடிந்து நான் நேராகக் கடைக்குப் போனேன். என் பத்து வருடப் பரிசு அட்டை பர்ஸில் அப்படியே இருந்தது. அதை வெளியே எடுக்கவே அதுவரை எனக்கு மனம் வரவில்லை. உறைந்த மீன் வைக்கும் பெட்டியில் எங்கள் ஆலையின் பாக்கெட், நாங்கள் அடைத்த அதே அயிலை. இரண்டு பாக்கெட் எடுத்து அந்த அட்டையில் வாங்கினேன். கம்பெனி வீட்டுக்கு ஓட்டிப்போய்க் கதவைத் தட்டினேன். ராஜய்யன்தான் திறந்தார்.

"கறிக்கு மீனு" என்று நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. பாக்கெட்டில் இருந்த ஆலையின் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கை தன்னால் சட்டைப்பைக்குப் போய் அந்தச் சீட்டைத் தொட்டது.

"அக்கா, இதுக்கும் பிடிப்பாவளா?" என்று கேட்டார்.